நோய் நீங்கியோரும் தொழில்வழிச் சிகிச்சையும்

மலர்க் குழுவினர் எமக்கு விடுத்த மடலில், விடுதி வாழ்க்கையைப் பற்றியோ விளையாட்டரங்கைப் பற்றியோ நினைவுக் கட்டுரையொன்று வரைந்து அனுப்புமாறு கேட்டிருந்தனர். அவற்றை எம்மினும் சுவைபட எழுதவல்ல நண்பர் பலர் உளர். மணியடிக்குமுன் சாப்பாட்டு மண்டபத்தில் இடம்பிடித்த கதைகள் இம்மலரின் வேறு பக்கங்களில் நிச்சயம் வந்திருக்கும். எமக்கு ஒதுக்கிய இச்சில பக்கங்களை வேறொரு பொருளுக்குச் செலவிட விரும்புகின்றோம். புற்றுநோய் கண்டு, சிகிச்சை பெற்று, உயிருடன் வீடு திரும்பியவர்களுள் தொழில்வழிச் சிகிச்சையினாற் பயன்பெறக்கூடியவர் யார் என்பதை எங்ஙனம் கண்டுகொள்வது என்பதே அப்பொருள். யாம் வைத்தியத்துறையினர் அல்லோம். தோட்டப் பாடசாலையொன்றிற் கரும்பலகையோடு காலங்கழித்த ஆசிரியர். ஆயினும் இதனைப் பேச எமக்கு இரண்டு உரிமைகள் உண்டு. அந்நோய் எம்மையும் ஒருமுறை பற்றி விட்டது என்பது ஒன்று. யாம் வாழ்வது வட்டவளையில் என்பது மற்றொன்று.

வட்டவளையை அறியாதார் பொருட்டு ஒரு சொல். கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதம் நாவலப்பிட்டியைக் கடந்து, இங்குருஓயா, கலபொட என்னும் சிறு நிலையங்களையும் தாண்டி, மூச்சிரைத்து ஏறிவரும்போது, மலையும் மழையும் ஒன்றாய்க் கலந்த ஓரிடத்தைச் சேரும், அதுவே வட்டவளை. அதற்கப்பால் றொசல்லையும் ஹட்டனும் வரும். இலங்கையில் மிகுந்த மழைபெறும் இடங்களுள் இதுவும் ஒன்று. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5,000 மில்லிமீற்றர் பெய்கின்றது. யாழ்ப்பாணத்தில் நான்காண்டு காலம் பெய்யும் மழையை இவ்விடத்து வானம் ஓராண்டிற் கொட்டித் தீர்த்துவிடுகின்றது எனலாம். எம் தந்தையார் இங்குள்ள தோட்டமொன்றிற் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவர் 1972 இல் எம்மை ஒரு றங்குப்பெட்டியுடன் வடக்கே செல்லும் இரவு மெயிலில் ஏற்றி அனுப்பினார். கால் வைத்தால் வழுக்காத நிலமும் உலகில் உண்டென்பதைக் கல்லூரி முற்றத்திலேதான் யாம் முதன்முதற் கண்டறிந்தோம். படிப்பு முடிந்ததும் மழைக்கே மீண்டு வந்து ஆசிரியராயினோம்.

2011 இல் எம் கழுத்தில் ஒரு கட்டி தோன்றிற்று. தைராயிட்டுச் சுரப்பியிற் புற்றுநோய் என்றனர். அரசினர் வைத்தியசாலையொன்றிற் சத்திரசிகிச்சை நடந்தது. சுரப்பியோடு கழுத்தின் வலப்பக்கத்து நிணநீர்க் கணுக்களும் அகற்றப்பட்டன. பின்னர்க் கதிரியக்க அயடீனும் தந்தனர். நோய் நீங்கிற்று. இன்று இதனை எழுதும் உயிர், அவ்வைத்தியர்கள் தந்த உயிர். இதனை முதலிற் சொல்லாது மேலே எழுதுதல் நன்றியன்று.

ஆயின், பாடசாலைக்கு மீண்ட முதல் நாள், கரும்பலகையின் மேல் வரியிலே திகதி எழுதக் கையைத் தூக்கினோம். கை தோள்மட்டத்துக்கு மேல் எழவில்லை. வலியும் பெரிதாக இல்லை. கை தன் கடமையை மறந்ததுபோல் நின்றது. இடக்கையாற் கோணல்மாணலாக எழுதினோம், பிள்ளைகள் சிரித்தனர். அடுத்த ஈராண்டும் தவணை தவறாது கிளினிக்குக்குச் சென்றோம். கழுத்தைத் தடவிப் பார்த்தனர், இரத்தம் சோதித்தனர், "எல்லாம் நல்லாயிருக்கு மாஸ்டர்" என்றனர். அது பொய்யன்று. கழுத்து நன்றாகவே இருந்தது. நோயைப் பற்றிய கேள்விக்கு நோயைப் பற்றிய விடை கிடைத்தது. எம் நாளெல்லாம் எதிற் கழிகின்றது என்று கேட்க அவ்வறையில் எவருக்கும் நேரமிருந்ததில்லை. வாசலுக்கு வெளியே நூறு பேர் வாங்கிலே காத்திருந்தனர்.

கேட்டவர் எம் கல்லூரியிற் பயின்ற ஒருவரே. 2013 இற் கொழும்பில் நடைபெற்ற பழைய மாணவர் மதிய போசனத்தின்போது, விடுதியில் எமக்கு நான்கு வகுப்புக் கீழே இருந்த தம்பியொருவர் எதிரில் அமர்ந்திருந்தார். அவர் தொழில்வழிச் சிகிச்சையாளராகப் பயிற்சி பெற்று வைத்தியசாலையொன்றிற் கடமையாற்றுபவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. மேசைக்கு அப்பாலிருந்த கறிச்சட்டியை எடுக்க யாம் எழுந்து சுற்றிச் சென்றதைக் கண்டார் போலும். உணவு முடிந்து கைகழுவும் இடத்தில், "அண்ணை, உங்களுக்குக் கரும்பலகையிலை எழுத ஏலுதோ?" என்று கேட்டார். ஈராண்டிலே எம்மிடம் எவரும் கேளாத கேள்வி அது. யாம் சிறிது நேரம் விடையிறுக்கவில்லை.

கழுத்துக் கணுக்களை அகற்றும்போது அவ்வழியே செல்லும் துணை நரம்பு, அதாவது மண்டை நரம்புகளுட் பதினோராவது, இழுபடலாம் அல்லது நலிவுறலாம் என்று அவர் விளக்கினார். தோட்பட்டையைத் தாங்கி உயர்த்தும் பெருந்தசைக்கு ஆணை செல்வது அந்நரம்பின் வழியே. ஆணை தளர்ந்தாற் றசை தளரும்; தசை தளர்ந்தாற் றோள் சாயும்; தோள் சாய்ந்தால், கை தானாக மேலெழாது. முதலிற் றம்மோடு பணியாற்றும் வைத்தியரிடம் எம்மைக் காட்டி, நோய் திரும்பியதன் குறியன்று என்று உறுதிசெய்துகொண்டார். அதன்பின் மூன்று வேலைகள் நடந்தன. எஞ்சிய தசைகளைப் பழக்கும் பயிற்சிகள் சில. சாய்ந்து அமரும் வழக்கத்தைத் திருத்தல். மூன்றாவது, கரும்பலகையை ஒன்றரை அடி கீழே இறக்குதல். இம்மூன்றாவதற்கு மருந்தும் வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை. தோட்டத்துத் தச்சர் ஒருவரும் எட்டு ஆணிகளும் போதுமாயிருந்தன. பின்வாங்கு மாணவர் சில வாரம் எழுந்து நின்று படித்தனர். ஆறு மாதத்தில் எம் கை நெற்றிவரை எழுந்தது. அதற்கு மேல் இன்றும் எழாது. எழுதப் போதும்.

இனி, அச்சிகிச்சையின் பெயரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தொழில்வழிச் சிகிச்சை என்றதும் தையலோ தச்சோ கற்பித்து வேலை தேடித் தருவது என்று பலர் எண்ணுகின்றனர். எம் தமிழாசான் நன்னூல் கற்பித்த வகுப்பிலிருந்தவர்க்கு அம்மயக்கம் வேண்டியதில்லை. உண்டல், உடுத்தல், நடத்தல், நீராடல், எழுதல் யாவும் தொழிற்பெயர் என்று அவர் சொல்லித்தந்தார் அல்லரோ? ஒருவர் விடிந்தது முதல் உறங்கும்வரை செய்யும், செய்ய விரும்பும், செய்தே ஆகவேண்டிய வினைகள் யாவும் அவர் தொழில். அவற்றுள் எது தடைப்பட்டது, ஏன் தடைப்பட்டது என்று பார்த்து, உடலைப் பழக்கியோ, செய்யும் முறையை மாற்றியோ, சுற்றியுள்ள பொருளை மாற்றியோ மீட்டுத் தருவது அச்சிகிச்சை.

இத்துறையை நிறுவியோருள் ஒருவரே நோயாளி என்பது குறிப்பிடத்தக்கது. யோர்ச் பாட்டன் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் காசநோயால் வருந்தினார். பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். பின்னர் உடலின் இடப்பக்கமும் செயலிழந்தது. தோட்ட வேலையாலும் மரவேலையாலும் தம்மைத் தாமே தேற்றிக்கொண்ட அவருடைய இல்லத்தில், நியூயோர்க் மாநிலத்துக் கிளிப்ரன் ஸ்பிறிங்ஸ் என்னும் ஊரில், 1917 இல் அத்துறையின் முதற் சங்கம் கூடிற்று. ஆசியாவில் முன்னோடியான பயிற்சிப் பள்ளியைப் பம்பாயில் 1950 இற் கமலா நிம்ப்கர் அம்மையார் தொடக்கினார். உலகச் சம்மேளனம் 1952 இல் உருவாயிற்று. இலங்கையிலும் இச்சிகிச்சையாளர் கொழும்பிற் பயிற்றப்படுகின்றனர். ஆயின் அவர்கள் பெரும்பாலும் பெரிய வைத்தியசாலைகளிலேயே கடமையாற்றுகின்றனர். தேயிலை மலைக்கு அவர்கள் தாமாக வந்துசேர்வதில்லை.

எம் தோள் தேறியபின், எம்மைப்போல் மீண்டவர் இம்மலைகளில் எத்தனை பேர், அவர்தம் நாள் எங்ஙனம் கழிகின்றது என்று அறிய ஆவல் கொண்டோம். தோட்டத்து மருத்துவமாதும், இளைப்பாறிய கணக்கப்பிள்ளை ஒருவரும், யாமுமாக மூவர் ஞாயிறுதோறும் லயங்களுக்குச் செல்லலாயினோம். தொடக்கத்திலேயே ஓருண்மை புலப்பட்டது. "சுகமாக இருக்கின்றீர்களா?" என்று கேட்டால் ஒருவரும் அகப்படமாட்டார். "சொகமாத்தான் இருக்கேன் மாஸ்டர், ஒரு கொறையுமில்ல" என்பதே எவ்விடத்தும் விடை. சாவை மிக அண்மையிற் கண்டு திரும்பியவர்க்குக் கை வீக்கத்தை முறையிடுவது நன்றிகெட்ட செயலாகத் தோன்றுகின்றது. ஆதலால் மருத்துவமாது கேள்வியை மாற்றினார். இஸ்தோப்பில் அமர்ந்து, தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு, "ஒன் தலைய இப்ப யாரு பின்னிவுடுறா?" என்று கேட்டார்.

அக்கேள்வியின் நுட்பத்தை யாம் பிறகே உணர்ந்தோம். மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்வோர் பலர்க்கு அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் அகற்றவேண்டி வரும். அதன்பின் தோள் இறுகலாம். கையில் நிணநீர் தேங்கி வீங்கலாம். அவ்வீக்கம் சில மாதத்திலும் வரலாம், சில ஆண்டு கழித்தும் வரலாம். தலைபின்னக் கை பின்தலைக்கு எழவேண்டும், அங்கேயே சிறிதுநேரம் நிற்கவும் வேண்டும். "மகதான் பின்னிவுடுறா" என்று ஒரு பெண் சொன்னால், அவர் தோளைப் பற்றி அவரே அறியாத செய்தியை அவர் சொல்லிவிட்டார். இனி அளவுநாடா ஒன்று போதும். இரு கைகளிலும் ஒரே இடங்களிற் சுற்றளவைப் பார்த்து, இரண்டு சென்ரிமீற்றர் அளவுக்கு வேறுபாடு காணின் வைத்தியரிடமும் சிகிச்சையாளரிடமும் அனுப்புதல் வேண்டும் என்பது பெரும்பாலார் கொள்ளும் கணக்கு.

இங்குக் கொழுந்தெடுக்கும் முறையைச் சற்று நோக்குக. கூடையோ சாக்கோ முதுகில் தொங்கும். அதன் கயிறு உச்சந்தலையிற் கிடக்கும். இரு கையும் நிறைந்ததும் கொழுந்தைத் தோளுக்கு மேலாகப் பின்னே எறியவேண்டும். நாளொன்றில் எத்தனை நூறு முறை எறிகின்றனர் என்று யாம் எண்ணியதில்லை. எண்ணப் புகுந்த கணக்கப்பிள்ளை பாதியிற் களைத்துவிட்டார். அக்குளிற் சத்திரசிகிச்சை பெற்ற ஒருத்திக்கு உடலின் எல்லா அசைவுகளுள்ளும் கடினமானது யாதென்று தேடினால், மேலெழுந்து பின்னே திரும்பும் இவ்வசைவே முதலில் நிற்கும். போதாக்குறைக்கு மழையோடு அட்டை வரும். நிணநீர் வடிகால் கெட்ட கையில் ஒரு சிறு கடியும், தேயிலைக் கவ்வாத்தின் ஒரு கீறலும் புண்ணாகிக் காய்ச்சலாக மாறவல்லன. நகரத்து வைத்தியசாலை தரும் துண்டுப் பிரசுரத்திற் சமையலறைக் கத்தியையும் தையலூசியையும் பற்றி எச்சரிக்கை இருக்கும். அட்டையைப் பற்றி இருக்காது.

பாரம் தூக்கவே கூடாது என்று முன்னர்ச் சொல்லி அனுப்பினர். நாட்கூலியில் வாழ்பவர்க்கு அது சிகிச்சையன்று, தண்டனை. 2009 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, கை வீக்கமுள்ள பெண்கள் மேற்பார்வையோடு சிறுகச் சிறுகப் பாரம் தூக்கிப் பழகினால் வீக்கம் மிகுவதில்லை என்றும், அவ்வீக்கத்தால் நேரும் தொல்லைகள் குறைகின்றன என்றும் காட்டிற்று. சிறுகச் சிறுக என்பதும் மேற்பார்வையோடு என்பதும் அதிலுள்ள உயிர்ச் சொற்கள். முதல் நாளே இருபது கிலோச் சுமையை ஏற்றிக்கொள்ளலாம் என்று எவரும் பொருள்கொள்ளற்க.

பெண்களைப் பற்றியே பேசினோம். ஆண்களைக் கண்டறிதல் இன்னும் கடினம். கவ்வாத்து வேலையிற் பேர்பெற்ற ஒருவர், குடலிற் புற்றுநோய் நீங்கி வந்தவர், தம் கத்தியை மகனிடம் கொடுத்துவிட்டு, "வயசாயிருச்சுங்க" என்றார். அவர் வயது நாற்பத்தாறு. ஒக்சாலிபிளாற்றின், பக்லிற்றக்செல், வின்கிறிஸ்ரின் முதலிய மருந்துகள் விரல்நுனிகளிலும் பாதங்களிலும் உள்ள நரம்புகளைத் தாக்குவதுண்டு. கத்தியின் பிடி விரலுக்குத் தெரியாது. சட்டைப் பொத்தான் அகப்படாது. அடுப்பின் சூடு உறைக்காது. ஈரப்படியில் எந்தக் கல்லிற் கால் நிற்கின்றது என்று கால் சொல்லாது. வட்டவளையின் வழுக்கற் படிகளில் இஃது உயிராபத்து. மருத்துவமாது அவரிடம் கேட்டது, "அண்ணே, கோப்ப கையிலருந்து வழுக்கி ஒடஞ்சிருக்கா?" என்பது. விடையை மனைவி சொன்னார்: வீட்டிலிப்போது பீங்கானே இல்லையாம், எல்லாம் தகரம்.

வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் இம்மலைகளின் பழைய துணை. பாக்கே புற்றுநோயை விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004 இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்திற்று. வாய்ப் புற்றுநோய் நீங்கியவருட் பலர்க்குக் கதிர்ச்சிகிச்சையின்பின் தாடை இறுகி வாய் இரண்டு விரல் அகலமும் திறவாது. அவர்களைக் கண்டறியும் கேள்வி, "கடைசியா எந்த விசேசத்துல பந்தியில ஒக்காந்து சாப்புட்டீங்க?" என்பது. ஊரோடு ஒரு பந்தியில் உண்ணாதவர் பசியில்லாதவர் அல்லர். குழைத்த சோற்றைச் சிறு கரண்டியால் ஒதுக்குப்புறத்தில் உண்பவர். தாடைப் பயிற்சியும் பேச்சுச் சிகிச்சையும் ஒருபுறமிருக்க, உண்ணும் வகையையும் பாத்திரத்தையும் மாற்றி அவரைப் பந்திக்கு மீட்பதும் தொழில்வழிச் சிகிச்சையே. வாயைத் திறந்து பார்க்கச் சோம்பாத எவரும் இவரைக் கண்டறியலாம்.

இது வெறும் ஆசையன்று. 1984 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று மத்திய இலங்கையிலேயே நடந்தது. சில வாரப் பயிற்சிகூட வேண்டாத எளிய முறையில் வாயைச் சோதிக்க ஆரம்ப சுகாதாரப் பணியாளர் முப்பத்துச் சொச்சம் பேரைப் பழக்கினர். அவர்கள் ஓராண்டில் ஏறத்தாழ 28,000 பேரின் வாயைப் பார்த்து, ஆயிரத்துக்கு மேற்பட்டோரை மேற்பரிசோதனைக்கு அனுப்பினர். அவர் சந்தேகித்தது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆயின் அனுப்பப்பட்டோருட் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே சென்றனர். எம் பணிக்கு இவ்வாய்வு தரும் செய்தி இரண்டு: கண்டறிதல் பெரும் படிப்பாளிகட்கே உரிய வித்தையன்று, கண்டறிந்து தொலைவுக்கு அனுப்பினால் பாதிப்பேர் வழியில் மறைந்துவிடுவர்.

தொலைவு என்றது சிறு தொலைவன்று. வட்டவளையிலிருந்து மகரகமை அபேக்ஷா வைத்தியசாலைக்குச் செல்வோர் முதல் நாளே புறப்படவேண்டும். கண்டி சற்று அண்மை. இந்திய அரசின் உதவியாற் கட்டப்பட்டு 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் திறந்துவைத்த டிக்கோயா வைத்தியசாலைக் கட்டடம் எமக்கு இன்னும் அண்மை. ஆயினும் ஒரு நாள் வைத்தியசாலைக்குச் சென்றால் ஒரு பேர் போயிற்று. தோட்ட வழக்கறியாத வாசகர்க்குச் சொல்லுகின்றோம்: இங்கே பேர் என்பது நாட்சம்பளம். நிறை சேர்ந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். தொழிலும் பெயரும் ஒன்றாய்ப் பிணைந்திருப்பது இலக்கணத்தில் மட்டுமன்று.

இப்பேரைக் காரணமாகக் கொண்டே எம் பணியில் ஒரு சிக்கல் எழுந்தது. யாம் ஒரு கொப்பியிற் பெயர், லயத்து இலக்கம், நோய், குறை என்று எழுதத் தொடங்கியிருந்தோம். மார்பகப் புற்றுநோய் நீங்கி மீண்டும் மலைக்குச் செல்லும் பெண்ணொருத்தி, அவர் பெயர் வேண்டாம், எழுதுகோலைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். "எம் பேர எழுதாதீங்க மாஸ்டர். கை முடியலன்னு தொரைக்கித் தெரிஞ்சா எம் பேரு போயிரும்" என்றார். அவர் வீட்டில் தோட்டப் பதிவிலுள்ள தொழிலாளி அவர் ஒருவரே. பதிவு போனால் லயத்துக் காம்பராவில் யார் இருப்பது என்னும் கேள்வி பின்னாலேயே வரும். எழுதினால் உதவி கிடைக்கலாம்; எழுதினால் வேலையும் போகலாம். இதனைக் கேட்டபின் எங்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. கணக்கு இல்லாமல் உதவி கேட்க முடியாது என்றார் கணக்கப்பிள்ளை. அவர் தொழிலுக்கு அது தக்க நியாயமே. மருத்துவமாது ஒரே வார்த்தையில் முடித்தார்: "அவ சொன்னா எழுதுவம், சொல்லாட்டி வேணாம்." அன்று முதல் கொப்பி அவர் கைப்பையிற் பூட்டப்பட்டது. ஒருவரைக் கண்டறிவது அவரைக் காட்டிக்கொடுப்பதாக முடியக்கூடாது என்னும் விதியை யாம் எந்நூலிலும் கற்கவில்லை.

கனடா தேசத்துச் சிகிச்சையாளர் 1991 இல் ஓர் அளவுமுறையை வெளியிட்டனர். தமக்கு வேண்டிய வினைகளை நோயுற்றவரே சொல்லவேண்டும். ஒவ்வொன்றும் எவ்வளவு முதன்மையானது என்று ஒன்று முதற் பத்துவரை அவரே எண் கொடுக்கவேண்டும். இப்போது எவ்வளவு செய்ய இயல்கின்றது, அதில் எவ்வளவு திருப்தி என்பதற்கும் அவரே எண் கொடுக்கவேண்டும். எம் தம்பியார் ஒரு ஞாயிறு வட்டவளைக்கு வந்து, அப்பெண்ணின் இஸ்தோப்பில் அமர்ந்து, எண்ணுக்குப் பதிலாகத் தீப்பெட்டிக் குச்சிகளைக் கொடுத்துக் கேட்டார். யாம் கொழுந்தெடுத்தலுக்கே பத்துக் குச்சியும் விழும் என்று நினைத்திருந்தோம். அதற்கு எட்டு விழுந்தன. பத்தும் விழுந்தது, பேரப்பிள்ளையைத் தூக்குவதற்கு. இதனை வெளியிலிருந்து எவரும் ஊகித்திரார்.

கொழுந்துக்கு அவர் கண்ட வழி இது. சாக்கை முதுகிற் றொங்கவிடாது, நோயற்ற பக்கத்து இடுப்பிற் கட்டுதல். அப்போது கையைப் பின்னே எறியவேண்டியதில்லை, பக்கத்தில் இறக்கினாற் போதும். செடியின் மேற்புறச் சரிவில் நின்று, கை கீழ்நோக்கி இருக்கப் பறித்தல். முழங்கைவரை தடித்த துணியுறை. அட்டையை நகத்தாற் பிய்த்தெடுக்காமல் விடுவிக்கும் முறை. இடையிடையே கையை உயர்த்தி விரல்களை மூடித் திறத்தல். கேட்க எளிது. ஆயின் இடுப்புச் சாக்கு சிறிது. அடிக்கடி சென்று பெரிய சாக்கிற் கொட்டவேண்டும். அதனால் நிறை குறைகின்றது. மேற்சரிவில் நிற்க இடமிருக்கும் நிரை வேண்டும். நிரையைத் தீர்மானிப்பவர் கங்காணி. கணக்கப்பிள்ளை அக்கங்காணியைத் தனியே கண்டு, ஏன் என்று சொல்லாமலே, வசதியான நிரையைப் பெற்றுக் கொடுத்தார். வாரத்தில் இருநாளோ மூன்று நாளோ முழுப்பேர் விழுகின்றது. மற்ற நாட்களில் அரைப்பேர். வீக்கம் குறைந்திருக்கின்றது, நீங்கவில்லை. பேரனை அமர்ந்தபடி மடியில் ஏற்றி, பின் எழுந்து நிற்கும் முறையை அவர் முதல் நாளிலேயே கற்றுக்கொண்டார்.

ஆசிரியராயுள்ள பழைய மாணவர்க்கு ஒன்று கூறவேண்டும். குழந்தைப் பருவத்தில் இரத்தப் புற்றுநோய் கண்டு மீண்ட பிள்ளைகள் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். அந்நோயினின்று மீளும் பிள்ளைகள் முன்னரினும் பலர். சிகிச்சையின் பயனாய்ச் சிலர்க்குக் கவனம் நிலையாது, எழுத்து மெல்ல நகரும், பென்சிலைப் பிடிக்கும் விரல் விரைவிற் களைக்கும். சோம்பேறி என்று பெயர் சூட்டுமுன், அப்பிள்ளையின் நோய்க்கொப்பியைத் தாயிடம் கேட்டுப் பார்த்தல் நலம். வைத்தியர் ஆறு மாதத்துக்கொருமுறை பத்து நிமிடம் காண்பவர்; நாம் நாடோறும் ஆறு மணித்தியாலம் காண்பவர்.

எல்லாக் குறையும் இச்சிகிச்சைக்கு உரியதன்று என்பதையும் இங்குச் சொல்லிவிடவேண்டும். புதிதாய்த் தோன்றிய வீக்கம், புதிய வலி, காரணமில்லா மெலிவு, கை திடீரெனச் சிவந்து சுடுதல் ஆகியன கண்டால் முதலில் வைத்தியரே பார்க்கவேண்டும். மீண்டவர் எல்லோர்க்கும் இவ்வுதவி வேண்டியதுமில்லை. முன்போலவே மலையேறி, முன்போலவே சண்டையிட்டு வாழ்பவரும் உளர். அவரைத் தேடிச் சென்று குறை கண்டுபிடித்தல் வேண்டாத வேலை. அத்தகைய மூதாட்டி ஒருவர் எங்கள் மூவரையும் தேநீரும் கொடாமலே திருப்பியனுப்பினார்.

உலகில் மறுவாழ்வுச் சிகிச்சையால் நன்மை பெறத்தக்கோர் 2019 இல் 241 கோடிப் பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. அவ்வெண் எம் கைக்கு அடங்காது. எம் கைக்கு அடங்குவது நான்கு தோட்டங்கள். வடபுலத்துப் பழைய மாணவர்கள் அறிவர்: 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அத்தகைய பெருஞ்செயலை யாம் வேண்டவில்லை. இம்மலரைப் படிப்போருட் றொழில்வழிச் சிகிச்சை பயின்றவர் சிலராயினும் இருப்பர். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்து, வைத்தியபீடத்துக்குப் புள்ளி போதாமல் மனம் வாடியிருக்கும் மாணவரும் இருப்பர். பின்னவர் இத்துறையை எண்ணிப் பார்க்கலாம். முன்னவர்க்கு எம் வேண்டுகோள் நேரடியானது: மாதத்தில் ஒரு ஞாயிறு வருக. மூன்றாம் ஞாயிறு என்று வைத்துள்ளோம். அன்றைக்குத் தோட்டத்திற் பெரும்பாலும் வேலை இராது. காலைப் புகையிரதத்தில் வருவோரை நிலையத்தில் யாமே எதிர்கொள்வோம். மதிய உணவு மருத்துவமாதின் வீட்டில். அளவுநாடா எங்களிடம் இருக்கின்றது; தீப்பெட்டியும் இருக்கின்றது. குடையும், காலுக்கு நீண்ட காலுறையும், அட்டைக்குப் பூசச் சவர்க்காரத் துண்டொன்றும் தாமே கொண்டுவருதல் வேண்டும்.